லியோ எடுத்துக் கொடுத்த போன்

நண்பர்களே, வணக்கம்.

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் நீங்கள் சட்டென்று எழுந்துவிடவில்லை. அந்த மனநிலை கலைவதற்குள், இப்போது பார்த்த ‘இ து மமா தம்பியென்’ என்ற மெக்சிகோ படத்தின் ஒரு காட்சியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

கதையின் இரண்டு பையன்களில் ஒருவனான தெனோச்சின் வீடு. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டுவேலை செய்யும் லியோ கையில் சாப்பாட்டோடு வருகிறார். பையன் சாய்ந்து கிடக்கிறான். போன் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. லியோ வந்து, போனை எடுத்துப் பேசி, அவனிடம் கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான். அவன் அதிகாரம் செய்யவில்லை, அதட்டவில்லை. கெட்ட பிள்ளையும் இல்லை. கை நீட்டி அதை எடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வசதி என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் இந்தப் படத்தை 2001-இல் எடுத்தார். ‘இ து மமா தம்பியென்’, அதாவது ‘உன் அம்மாவும்தான்’. தம்பி கார்லோஸோடு சேர்ந்து எழுதிய கதை. அதற்கு முன்பே ஹாலிவுட்டில் இரண்டு படங்கள் எடுத்துவிட்டவர், சொந்த மொழியில், சொந்த மண்ணில், தொழிலதிபர் ஹோர்ஹே வெர்காராவின் தனியார் முதலீட்டில் இதை எடுத்தார். ஒளிப்பதிவு இம்மானுவேல் லுபெஸ்கி. தெனோச்சாக தியேகோ லூனா, ஹூலியோவாக கயேல் கார்சியா பெர்னால். நிஜத்திலும் அவர்கள் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். வெனிஸ் விழாவில் திரைக்கதைக்கு ஒரு விருது, இளம் நடிகருக்கான விருது இருவருக்கும் சேர்த்து.

இந்தப் படம் என்றாலே படுக்கையறைக் காட்சிகளைத்தான் முதலில் பேசுகிறார்கள். மெக்சிகோவில் இதற்குப் பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்ததில் பெரிய சர்ச்சையே நடந்தது. அந்தக் காட்சிகள் படத்துக்கு வேண்டியவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் லியோ காணாமல் போய்விடுகிறார். அதில்தான் எனக்கு வருத்தம்.

சரி, கதையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். 1999 கோடை. பள்ளி முடித்த இரண்டு பையன்கள், லூயிசா என்ற ஸ்பெயின்காரப் பெண்ணோடு, தாங்களே இட்டுக்கட்டிய ஒரு கடற்கரையைத் தேடி மெக்சிகோவின் தெற்கில் இருக்கும் வாஹாகா பக்கம் காரில் போகிறார்கள். காரும் அவர்களுடையது இல்லை, ஹூலியோவின் அக்காவிடம் வாங்கியது.

தெனோச் பெரிய இடத்துப் பிள்ளை. அவனுக்கு முதலில் எர்னான் என்று பெயர் வைக்க இருந்தார்களாம். மெக்சிகோவை வென்றடக்கிய கோர்தேஸின் பெயர் அது. அவன் பிறந்த வருஷம் அப்பா அரசுப் பதவிக்கு வருகிறார், மண்ணின் மீது திடீர்ப் பற்று வருகிறது, ஆஸ்டெக் தலைவனின் பெயரான தெனோச் பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஏழைகளுக்குக் கெட்டுப்போன சோளம் விற்ற ஊழலில் அந்த அப்பாவின் பெயர் அடிபடுகிறது. குடும்பம் எட்டு மாதம் வான்கூவரில் போய் இருந்துவிட்டு வருகிறது. ஏன் போனோம் என்று பையன் கேட்டதே இல்லை.

ஹூலியோ வேறு. அவன் அம்மா ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் செயலாளர். சம்பளத்தில் ஓடும் குடும்பம். அந்த நாட்டின் ஏழைகளோடு வைத்துப் பார்த்தால் இவனும் வசதிக்காரன்தான், ஆனால் தெனோச்சின் வீட்டு வாசலில் அவன் குறுகிப்போகிறான். இருவருக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் படம் இரண்டே செய்கைகளில் சொல்லிவிடுகிறது. தெனோச்சின் வீட்டுக் கழிப்பறைக்குப் போனால் ஹூலியோ தீக்குச்சி கிழித்து வாடையைப் போக்கிவிட்டுத்தான் வெளியே வருவான். ஹூலியோவின் வீட்டில் தெனோச் கழிப்பறை இருக்கையைக் காலால்தான் தூக்குவான். இரண்டு பேரும் இதை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. எத்தனை வருஷ நட்பு! இதை முதல் தடவை கேட்டபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார்? ஒரு குரல். அந்தக் குரல் வருவதற்கு முந்தைய நொடியில் காரின் இரைச்சல், பாட்டு, சிரிப்பு எல்லாம் அறுந்துபோகும். முழு மௌனம். பிறகு பதற்றமே இல்லாமல் ஒருவர் பேசுகிறார். ஆரம்பத்தில் போக்குவரத்து நெரிசலில் பையன்கள் மாட்டிக்கொண்டு, வாயு விட்டது யார் என்று அடித்துக்கொள்கிறார்களே, அப்போதும் அந்த மௌனம் வருகிறது. சாலையில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். மார்செலினோ எஸ்குதியா, மிச்சோவகானிலிருந்து பிழைக்க வந்த கொத்தனார். நடைமேம்பாலத்தை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் சாலையைக் குறுக்கே கடந்தார், பஸ் அடித்துவிட்டது. உடலைக் கேட்டு ஆள் வர நாலு நாள் ஆனது. குரல் நிற்கிறது, கார் நகர்கிறது, பையன்கள் விட்ட இடத்திலிருந்து சிரிக்கிறார்கள்.

கேமராவும் அப்படித்தான். சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் மூவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அது அவர்களை விட்டுவிட்டு ஒரு கிழவியின் பின்னால் சமையலறைக்குள் போய்விடுகிறது. அங்கே பாத்திரம் கழுவுகிறார்கள், அடுப்பில் வேலை நடக்கிறது. கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கோ அதுதான் கதை. 1929 முதல் ஒரே கட்சி ஆண்ட நாடு. கதை நடப்பதற்கு அடுத்த வருஷம் அந்த 71 ஆண்டு ஆட்சி முடியப் போகிறது. சோதனைச் சாவடிகள், சிப்பாய்கள், சாலையோரச் சிலுவைகள் எல்லாம் கார் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டே இருக்கின்றன. பையன்கள் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்காததையெல்லாம் படம் நின்று பார்க்கிறது.

கடற்கரையில் வந்த மீனவர் சூயியை நினைத்துப் பாருங்கள். படகில் கூட்டிப்போய், மீன் பொரித்துக் கொடுத்து, எவ்வளவு பிரியமாக இருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் அவருடைய எதிர்காலத்தைச் சொல்லிவிடுகிறது. அங்கே சொகுசு ஹோட்டல் வரும், குடும்பம் வெளியேற வேண்டியிருக்கும், படகுச் சவாரி விட்டுப் பிழைக்கப் பார்ப்பார், விடமாட்டார்கள். இரண்டு வருஷத்தில் அதே ஹோட்டலில் துப்புரவு வேலைக்குச் சேர்வார். இனி மீன் பிடிக்கவே மாட்டார். இந்தப் பையன்கள் நாளைக்கு அந்த ஹோட்டலில் வந்து தங்கலாம். தரையைத் துடைப்பவரை அடையாளம் தெரியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியில் காபிக் கடையில் இருவரும் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் தவிக்கிறார்கள். எழுத்தாளனாக ஆசைப்பட்ட தெனோச், அப்பா விரும்பியபடி பொருளாதாரம் படிக்கப் போகிறான். ஹூலியோ உயிரியல். இனி சந்திக்கவே மாட்டார்கள் என்கிறது குரல். பிரிவுக்கு, லூயிசாவோடு மூவரும் ஒன்றாகக் கழித்த அந்த இரவைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நான் அந்தத் தீக்குச்சியையும், கழிப்பறை இருக்கையைத் தூக்கிய அந்தக் காலையும் சேர்த்துச் சொல்வேன்.

மறுபடி லியோவிடம் வருகிறேன். வழியில் கார் தெபெல்மெமே என்ற ஊரைக் கடக்கிறது. தெனோச் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். மௌனம். அது லியோ பிறந்த ஊர். 13 வயதில் அங்கிருந்து தலைநகருக்கு வேலை தேடிப் போனவர், அவன் பிறந்ததிலிருந்து அவனை வளர்த்தவர். நாலு வயது வரை அவரைத்தான் அவன் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லையே என்று அவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. காரில் இருக்கும் மற்றவர்களிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறான். படம் முழுக்க அவன் எதையாவது உண்மையாகப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அதையும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறான்.

இன்னொரு செய்தி. லியோவாக வருபவர் தொழில்முறை நடிகை இல்லை. அவர் பெயர் லிபோரியா ரோத்ரிகெஸ். அல்ஃபோன்சோ குவாரோனையே குழந்தையிலிருந்து வளர்த்தவர், தெபெல்மெமேகாரர். 2018-இல் அவருடைய வாழ்க்கையை வைத்து ‘ரோமா’ என்ற முழுப் படத்தையே எடுத்து அவருக்குக் காணிக்கையாக்கினார் குவாரோன்.

திரையிடும் தம்பியிடம் அந்தப் போன் காட்சியை மட்டும் மறுபடி ஒருமுறை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது, உட்காருங்கள். இந்தத் தடவை லியோவைப் பார்ப்போம்.