ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?

நண்பர்களே,

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வன்புணர்வுக்கு ஆளான பெண் உடனே பக்கத்து ஊர்களுக்கு ஓடிக் கூப்பாடு போட வேண்டும். கிழிந்த உடையையும் இரத்தக் கறையையும் நற்பெயருள்ள ஆண்களிடம் காட்ட வேண்டும். அப்போதுதான் வழக்கு நிற்கும். சட்டப் புத்தகத்திலிருந்து அந்த விதி போய்விட்டது. நம் நாக்கிலிருந்து போகவில்லை. "உண்மையாக நடந்திருந்தால் அப்போதே கத்தியிருக்க மாட்டாளா?" என்கிறோம்.

பலரால் கத்த முடிவதில்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வில், பத்தில் ஏழு பேர் தாக்குதலின்போது உடல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். கை எழாது, குரல் வராது. பிறகு அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்வார்கள்: "நான் ஏன் சும்மா கிடந்தேன்?" வக்கீல் வாய் திறப்பதற்கு வெகுமுன்பே குறுக்கு விசாரணை தொடங்கிவிடுகிறது.

செய்தவர் பெரும்பாலும் தெரிந்தவர். உறவினர், மேலதிகாரி, ஆசிரியர், கணவன். நேற்றுவரை மரியாதையோடு பழகிய ஒருவர் செய்ததற்குக் குற்றம் என்று பெயர் வைக்கவே மனத்துக்கு நாளாகும். சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை வழக்கம்போல் வேலைக்குப் போவார்கள், அந்த ஆளுக்கே வணக்கமும் சொல்வார்கள். சம்பளம் அவர் கையில் இருக்கும்போது வேறென்ன செய்வது? நாளை நீதிமன்றத்தில் அந்த வணக்கத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். பையன்களின் நிலை இன்னும் மோசம். தனக்கு நடந்ததைச் சொல்ல அவர்களுக்குச் சொல்லையே நாம் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காவல் நிலையத்துக்கு மூன்று மாதம் கழித்து வந்தவர், முதல் இரவே அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடும். "வாயை மூடிக்கொண்டு இரு, குடும்ப மானம் போய்விடும்" என்று அந்த அம்மா பயந்துபோய்ச் சொல்லியிருப்பார். வாயை அடைத்தது வீடு; தாமதக் கணக்கு மட்டும் அந்தப் பெண்ணின் பெயரில்.

தாமதத்துக்கு விலை உண்டு, மறுக்கவில்லை. உடலிலிருந்து எடுக்க வேண்டிய மாதிரிகள் சில நாட்களில் அழிந்துவிடும். கேமராப் பதிவுகளும் அப்படியே. சாட்சியம் மெலியும். மெலிந்த சாட்சியத்தைப் பொய் என்று படிப்பதுதான் தவறு. புகாரைச் சோதிக்கத்தான் வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் வேண்டும். ஆனால் நாட்காட்டியை வைத்துக்கொண்டு சோதிப்பது சோம்பேறியின் சோதனை. அச்சத்தில் பதிந்த நினைவில் ஒரு முகமோ ஒரு கதவோ பளிச்சென்று நிற்கும், தேதியும் நேரமும் குழம்பும்.

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்பதற்குப் பதிலாக, "முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சாட்சி கிடைக்கலாம். தாமதத்தின் காரணமும் பல நேரம் அவரிடமே இருக்கும். அவரைக் கூண்டில் ஏற்றக் குடும்பம் சம்மதிக்குமா என்பது வேறு விஷயம்.