குடலுக்குள் பசித்திருப்பவை

நேயர்களுக்கு வணக்கம்.

அடிபட்ட இடம் சிவக்கும், வீங்கும், சில நாளில் தணியும். அந்த அழற்சி உடம்புக்குத் தேவையானது. தணியாமல், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல், வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே நீடிக்கும் அழற்சியும் ஒன்று உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், இதய நோய், மூட்டுவாதம் எனப் பலவற்றோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. நம் சாப்பாட்டுக்கும் இந்த அழற்சிக்கும் நடுவில் குடல் பாக்டீரியாக்கள் என்ன செய்கின்றன என்பதை ஆராய்ந்துவரும் ஜஸ்டின் சொன்னன்பர்க்கைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்.

சான் டியாகோவில் அவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது அஜித் வர்கியிடம். வர்கி நம் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர். செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். அங்கே கற்றது பிறகு செயின்ட் லூயிஸ் நகரில், குடல் நுண்ணுயிர்களை ஆராயும் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வகத்தில் கைகொடுத்தது.

அங்கே கிருமியே படாமல் வளர்த்த எலிகள் இருந்தன. மூடிய கூண்டு, வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீனி. அந்த எலிகளின் குடலில் மனிதக் குடலில் வாழும் ஒரே ஒரு பாக்டீரியாவை மட்டும் குடியேற்றினார்கள். எலிக்கு நார்ச்சத்து கொடுத்தபோது பாக்டீரியா அதைத் தின்றது. நார்ச்சத்தை நிறுத்தி வெறும் சர்க்கரையைக் கொடுத்தபோதோ, சர்க்கரை சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிட, கீழே எதுவும் வந்து சேரவில்லை. உடனே அது தன் மரபணுக்களை மாற்றி இயக்கி, குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தின் சர்க்கரைகளைத் தின்னத் தொடங்கியது. தீனி கிடைக்காத மாடு தொழுவத்துக் கூரை வைக்கோலையே பிடுங்கித் தின்பது மாதிரி. 2005இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது. அந்தப் படலம் மெலிந்தால் பாக்டீரியாக்கள் குடற்சுவரை நெருங்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் உஷாராகும், அழற்சிக்கு வழி திறக்கும். இதைப் பின்னாளில் வேறு குழுக்களும் எலிகளில் காட்டின.

ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தபின் அவர் குழு செய்த இன்னொரு ஆய்வு என்னை உலுக்கியது. 2016இல் வெளியானது. மனிதக் குடல் நுண்ணுயிர்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்து குறைந்த தீனியைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். நான்காம் தலைமுறையில், கொள்ளுப்பாட்டி எலியிடம் இருந்த பாக்டீரியா வகைகளில் ஏறக்குறைய முக்கால்வாசியைக் காணவில்லை. மறுபடி நார்ச்சத்து கொடுத்தும் பெரும்பாலானவை திரும்பவில்லை. வெளியிலிருந்து நுண்ணுயிர்களைச் செலுத்திய பிறகே மீண்டன. தாய் இழந்தது குட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் தட்டு மாறிப்போன நாம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

இப்படி நார்ச்சத்தின் பக்கமே நின்றவர், மனிதர்களிடம் சோதித்தபோது என்ன ஆனது? உணவு ஆய்வாளர் கிறிஸ்டோஃபர் கார்ட்னருடன் சேர்ந்து, ஆரோக்கியமான 36 பேரை இரண்டாகப் பிரித்து, 10 வாரம் ஒரு சாராருக்கு நார்ச்சத்தையும் மற்றவர்களுக்குத் தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், கிம்ச்சி என்ற கொரியக் காய்கறி ஊறுகாய், கொம்புச்சா என்ற புளித்த தேநீர் போன்ற நொதித்த உணவுகளையும் கூட்டினார்கள். 2021இல் 'செல்' இதழில் முடிவு வந்தது. நொதித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 உட்பட 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவிலோ அந்த 19இல் ஒன்றுகூடச் சராசரியாகக் குறையவில்லை. தான் எதிர்பார்த்தது வராதபோதும் அதை மறைக்காமல் அப்படியே வெளியிட்டாரே, அதற்காகவே இவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இங்கே ஒரு வார்த்தை. அது சிறிய ஆய்வு. பழைய சோறு அதில் இல்லை. நம் இட்லி மாவு நொதித்ததுதான், ஆனால் ஆவியில் வேகும்போது அதிலுள்ள பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். மோரில் அவை உயிரோடு இருக்கும். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

நார்ச்சத்துக் குழுவிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. தொடக்கத்திலேயே அதிக வகை நுண்ணுயிர்கள் இருந்தவர்களுக்கு அழற்சி குறைந்த அடையாளம் தெரிந்தது. மற்றவர்களிடம் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இல்லையோ, 10 வாரம் போதவில்லையோ என்று குழு சந்தேகிக்கிறது. முதலில் நொதித்த உணவால் வகைகளைப் பெருக்கிவிட்டு, பிறகு நார்ச்சத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது.

வணக்கம்.