பஸ்ஸை விட்டு இறங்கும் வரை பேசட்டும்

நடுவர் ஐயாவுக்கும், மேடையில் இருக்கும் இரண்டு அணியினருக்கும், பந்தலுக்குள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பஜ்ஜிக் கடை ஓரமாக நின்றுகொண்டே கேட்கிறவர்களுக்கும் வணக்கம்.

'பரீட்சை முடிந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பேசுவது பயனா, பாரமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, பாரம்தான் என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், பேசினால் மார்க் ஏறுமா என்று கேட்டார். தப்பு எழுதிய பிள்ளை அழும் என்றார். அடுத்த பரீட்சை கெட்டுப்போகும் என்றார். கூட்டத்தில் யாருக்குத் தொண்டை பெரிசோ அவர் விடைதான் சரி என்று ஆகிவிடும் என்றார். கைதட்டலும் நன்றாகவே வாங்கினார். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். பேசுவது பயனே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

தம்பியின் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் கொஞ்சம் கனமான கேள்வி.

மன்னார்குடியிலிருந்து வடுவூர் போகிற பஸ்ஸில் வேதியியல் பரீட்சை அன்று மதியம் ஏறிப் பாருங்கள். ஒன்றேகால் மணிக்குப் பரீட்சை முடியும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மார்க் கேள்வி பதினைந்தும் தீர்ந்திருக்கும். பஸ்ஸில் ஏறியதும் இரண்டு மார்க், மூன்று மார்க். அதிலும் 24, 33 இரண்டும் கட்டாயக் கேள்வி, விட்டுவிட்டு வேறு எழுத முடியாது. அதனால் சண்டையே அங்கேதான். இந்த முறை திருப்புதல் தேர்வு அன்று நானும் அந்த பஸ்ஸில்தான் போனேன். பிள்ளைகள் முன்னால், நான் பின் சீட்டில். டீச்சர் இருக்கிறார் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

"பென்சால்டிஹைடு கேள்விக்கு என்னடி போட்டே?"

"ஆல்டால் குறுக்கம்தான். ஆல்டிஹைடு இருக்கு, சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கு, வேற என்ன?"

சொன்ன பிள்ளைக்குத் தம்பி சொன்ன மாதிரியே பெரிய தொண்டை. பஸ் ஹார்ன் தோற்றுவிடும். நாலு பேர் உடனே ஆமாம் போட்டார்கள். ஜன்னலோரம் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் செத்துப் போய்விட்டது. கன்னிசரோ வினை என்று எழுதியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள். தம்பி சொன்ன அழுகை கண்ணோரத்தில் தயாராக நிற்கிறது.

அப்போது நின்றுகொண்டு வந்த இன்னொருத்தி மெதுவாகக் கேட்டாள். "பென்சால்டிஹைடுல ஆல்ஃபா ஹைட்ரஜன் எங்கடி இருக்கு?"

பஸ்ஸே அமைதியாகிவிட்டது. ஆல்டால் நடக்க ஆல்ஃபா ஹைட்ரஜன் வேண்டும், அதாவது ஆல்டிஹைடு தொகுதிக்குப் பக்கத்துக் கார்பனில் ஒரு ஹைட்ரஜன். அசிட்டால்டிஹைடில் அது இருக்கிறது. பென்சால்டிஹைடில் ஆல்டிஹைடு தொகுதி நேராக பென்சீன் வளையத்தில் போய் ஒட்டியிருக்கிறது, பக்கத்துக் கார்பனில் கழற்றி எடுக்க ஹைட்ரஜனே இல்லை. அதனால் அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மூலக்கூறு ஒடுக்கமடைந்து பென்சைல் ஆல்கஹால் ஆகும், இன்னொன்று ஆக்சிஜனேற்றம் அடைந்து சோடியம் பென்சோயேட் ஆகும். இதுதான் கன்னிசரோ வினை. யாரோ புத்தகத்தை மடியில் விரித்து, பஸ் தூக்கிப் போடப் போட விரலை வைத்துக் காட்டினார்கள். ஜன்னலோரப் பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் அதான்டி எழுதியிருக்கேன்."

நடுவர் ஐயா, எதிரணி எப்போதும் ஒன்றை மறந்துவிடுகிறது. விடையைப் பேசினால் கெட்ட செய்திதான் வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சரியாக எழுதிவிட்டுத் தப்பு என்று நினைத்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடக்கிற பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்று பேசாமலே வீட்டுக்குப் போயிருந்தால் சரியான விடையோடு அழுதிருக்கும். தொண்டை பெரிசான பிள்ளை என்ன ஆனாள்? இரண்டு நாள் சுருங்கிப்போய் இருந்தாள். இனி அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆல்டால் என்பாள். இது என் அனுபவம் மட்டுமில்லை. 2001-ல் பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சந்தேகத்தோடு எழுதிய தப்பைவிட, 'இதுதான் சரி' என்று உறுதியாக நம்பிச் சொன்ன தப்புதான், சரியான விடை தெரிந்ததும் நன்றாகத் திருந்துகிறது. பலபேர் முன்னால் அடித்துச் சொல்லி மாட்டிக்கொண்டது மறக்குமா?

மறக்காது என்பதற்கு நானே சாட்சி. நான் பிளஸ் டூ எழுதியது திருவாரூர் என்று ஒரு மாவட்டம் பிறப்பதற்கு முந்தைய காலம். வேதியியலுக்கு அப்போது 200 மார்க், எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. பரீட்சை முடிந்ததும் நான் யாரிடமும் பேச மாட்டேன். என் அப்பா தம்பி கட்சி. "முடிஞ்சத பேசாதே, நேரா வீட்டுக்கு வா" என்பார். பத்தின் அடுக்கு மைனஸ் எட்டு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன என்று ஒரு கணக்கு. நான் எட்டு என்று எழுதிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய், நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி கல்லூரி முதல் வருடம் வரைக்கும் நீடித்தது. ஒருநாள் பேராசிரியர் கரும்பலகைக்குக் கூப்பிட்டு அதே கணக்கைப் போடச் சொன்னார். அதே எட்டை எழுதினேன். அவர் திட்டவில்லை. "ஏம்மா, அமிலத்துல தண்ணி ஊத்திக்கிட்டே போனா ஒருநாள் அது காரமாயிடுமா?" என்று மட்டும் கேட்டார். பிஎச் ஏழுக்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம். எட்டு என்றால் காரம் ஐயா! தண்ணீரே கொடுக்கிற ஹைட்ரஜன் அயனியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினால் 6.98 வரும். ஏழுக்குக் கொஞ்சம் கீழே. என் பள்ளிக்கூட வாசலிலேயே வேப்பமரத்தடியில் நாலு பேர் அன்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டித்தான் போனேன்.

இப்போது தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். பேசினால் மார்க் ஏறுமா?

நம்ம ஊர் டீக்கடையில் தை மாதம் போய் உட்காருங்கள். சம்பா அறுப்பு முடிந்திருக்கும். என்ன பேசுவார்கள்? "மாவுக்கு என்ன கண்டுமுதல்?" ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு நெல் கண்டது என்கிற இதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே சி.ஆர். 1009 நெல் ரகம், ஒரே வாரத்தில் நடவு. பக்கத்து வரப்புக்காரனுக்கு மாவுக்கு இரண்டு மூட்டை கூட. உனக்கு ஏன் குறைந்தது? மேலுரம் தள்ளிப் போட்டியா, குருத்துப்பூச்சி விழுந்ததைக் கவனிக்கவில்லையா, கடைசித் தண்ணீரை எப்போது வடிய விட்டாய்? டீ ஆறிப்போகிற வரைக்கும் பேச்சு ஓடும். அறுத்த நெல் அறுத்ததுதான், பேசினால் மூட்டை ஏறுமா என்று அங்கே யாராவது கேட்டால் என்ன நடக்கும்? இவன் விவசாயி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்தத் தம்பியின் அப்பாவும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சில சமயம் மார்க்கே ஏறும். நம் பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். என்ன எழுதினோம், எது சரி என்று தெரிந்த பிள்ளைதானே பணம் கட்டி நகல் கேட்கும்? 2024 நீட் தேர்வை நினைத்துப் பாருங்கள். அணுவைப் பற்றி இயற்பியலில் ஒரு கேள்வி. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய புத்தகம் ஒரு மாதிரி சொல்ல, புதிய புத்தகம் வேறு மாதிரி சொன்னது. தேர்வு நடத்தியவர்கள் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்துவிட்டார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு விடை எப்படிச் சரியாகும் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யில் மூன்று நிபுணர்களைப் பார்க்கச் சொல்லி, ஒரே விடைதான் சரி என்று தீர்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்து மார்க் குறைந்து தரவரிசை மாறியது. ஏறியதா இறங்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள். விடைகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் ஒரே கேள்விக்கு இரண்டு விடை என்கிற கோளாறு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்னொரு விஷயம். வேதியியல் என்கிற பாடமே விடையை ஒப்பிட்டதால் பிழைத்த பாடம். 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூவில் ஒரு கூட்டம் நடந்தது. காரைக்கால் இல்லை ஐயா, கார்ல்ஸ்ரூ, ஜெர்மனியில். ஏறக்குறைய 140 வேதியியலாளர்கள் கூடினார்கள். காரணம் என்ன தெரியுமா? ஒருத்தர் விடையும் இன்னொருத்தர் விடையும் ஒத்துப்போகவில்லை. ஆக்சிஜனின் அணு எடை 8 என்று ஒரு கட்சி, 16 என்று ஒரு கட்சி. தண்ணீருக்கு ஹெச்-ஓ என்று எழுதியவர்கள் இருந்தார்கள், ஹெச்-டூ-ஓ என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 விதமான வாய்ப்பாடுகள் புழக்கத்தில் இருந்ததைக் கெகுலே என்ற வேதியியலாளர் பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறார். நம் பிள்ளைகள் பரவாயில்லை, நாலுக்கு மேல் போக மாட்டார்கள்.

மூன்று நாள் பேசினார்கள். முடிவு எட்டவில்லை. கலைந்து போகும்போது இத்தாலிக்காரர் ஒருவரின் சிறு புத்தகத்தை ஆளாளுக்குக் கையில் கொடுத்தார்கள். அணு எடையை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது என்று அதில் தெளிவாக இருந்தது. லோதர் மேயர் என்ற வேதியியலாளர், தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியில் அதைப் படித்தாராம். கண்ணிலிருந்து திரை விலகியது போல இருந்தது என்று பின்னால் எழுதினார். வழியில் படித்தாராம்! நம் வடுவூர் பஸ் மாதிரி. கூட்டத்துக்கு வந்தவர்களில் 26 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார், பெயர் மெண்டலீவ். ஒன்பது வருடம் கழித்து அவர் தனிம வரிசை அட்டவணையைப் போட்டார். சரியான அணு எடை கைக்கு வராமல் அந்த அட்டவணையை எதை வைத்து அடுக்கியிருப்பார்?

அந்த இத்தாலிக்காரர் யார் என்று சொல்லவில்லையே. கன்னிசரோ. அந்த பஸ்ஸில் ஜன்னலோரப் பிள்ளை எழுதிய வினைக்குச் சொந்தக்காரர். சத்தம் போட்ட கட்சி அங்கேயும் இருந்தது, காரணம் சொன்னவர் விடை நின்றது.

தம்பி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த பரீட்சை கெடும் என்றது முழுப் பொய் இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி "அந்த ஆறாவது கேள்வி" என்று ஆரம்பிக்கிற பிள்ளைகள் உண்டு. அதை நானும் ஒப்ப மாட்டேன். என் வகுப்பில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும் வரை பேசலாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றிவிட்டு உள்ளே போ, சாப்பிடு, தூங்கு, அடுத்த புத்தகத்தை எடு. ஆனால் செருப்பைக் கழற்ற விடுகிறோமா? பிள்ளை உள்ளே கால் வைப்பதற்குள் "எவ்வளவு வரும்? எழுபதுக்கு அறுபத்தெட்டு வருமா? எதிர் வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு வருமாம்?" என்று கேட்கிறோம். தம்பி பார்த்த அழுகையெல்லாம் அந்த வாசலில் வந்த அழுகை. பிள்ளைகள் ஒப்பிட்டது விடையை. மார்க்கை ஒப்பிட்டது நாம். பழியை மட்டும் பஸ்ஸின் மேல் போட்டுவிட்டோம்.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இந்தத் தம்பி பேசி முடித்து, கைதட்டலோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார் அல்லவா? உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த அணித் தலைவர் பக்கம் சாய்ந்து, "அண்ணே, எப்படிண்ணே பேசினேன்? அந்த அழுகை பாயிண்ட் எடுபட்டுச்சா? நடுவுல ஒன்னு விட்டுட்டேனோ?" என்று கேட்டார். மைக் அணைக்காமல் இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சிரிக்காதீர்கள் தம்பி, நானும் போய் உட்கார்ந்ததும் என் தலைவரிடம் அதையேதான் கேட்கப் போகிறேன். வணக்கம்.