எத்தனை பர்சென்ட் அடைப்பு?

(குடியாத்தத்தில் நெசவாளர்களும் பீடித் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டம் ஒன்றில் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தறியை நிறுத்திவிட்டும், பீடி சுற்றும் முறத்தை ஓரமாக வைத்துவிட்டும் வந்திருக்கிறீர்கள். இந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கூலி நஷ்டம்தான். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன புகழ்ச்சியில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

இதய நோய் என்றதும் நம் பக்கத்தில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை பர்சென்ட் பிளாக்?" கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள், காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள். ஒருவர், "எனக்கு மூணு பிளாக். ஒண்ணு எண்பது, ஒண்ணு அறுபது" என்பார். பக்கத்தில் இருப்பவர், "எனக்கு நாப்பதுதான், ஸ்டென்ட் வேணாம்னுட்டாங்க" என்று நிம்மதியாகச் சிரிப்பார். ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்க உள்ளே பொருத்தும் கம்பிவலை. 1961-லேயே திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்த ஊர் வேலூர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பதால் இதயக் குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவின் பாஷை நமக்குச் சரளமாக வரும். நான் சொல்ல வந்தது இதுதான்: அந்த நாற்பதுக்காரர் அவ்வளவு சீக்கிரம் சிரிக்க வேண்டாம். எண்பதுக்காரரும் ஸ்டென்ட் வைத்தாயிற்று, கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்புறம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். போர்வெல் தண்ணீர் ஓடும் பைப்பில் உப்பு படிந்து படிந்து ஒரு நாள் அடைத்துக்கொள்வது போல மாரடைப்பும் வருகிறது என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலான மாரடைப்பு அப்படி வருவதில்லை. கெட்ட கொழுப்பு குழாயின் சுவருக்கு உள்ளே போய்த் தங்குகிறது. அங்கே வீக்கமும் அழற்சியும் உண்டாகிறது. அதன் மேலே மெல்லிய மூடி ஒன்று இருக்கும். ஒரு நாள் அந்த மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் காயம் என்று நினைத்து ரத்தம் உறைகிறது. அந்த ரத்தக்கட்டி சில நிமிடங்களில் குழாயை முழுசாக மூடிவிடும். காலையில் நாற்பது பர்சென்டாக இருந்தது பத்து நிமிடத்தில் நூறாகிவிடுகிறது. மாரடைப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்த அடைப்பு பாதிக்கும் குறைவுதான்.

ஆகவே ஆபத்து இருப்பது சுவரில். அந்தச் சுவர் ஐம்பது வயதில் கெட்டுப்போவதில்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை ஆராய்ந்து 1953-ல் வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் ரத்தக்குழாயில் ஏதோ ஓர் அளவில் நோய் தெரிந்தது. வாலிப வயது, ராணுவ உடம்பு, தினமும் ஓட்டம். அப்படியும் சுவரில் வேலை தொடங்கிவிட்டிருந்தது.

நமக்கு இது இன்னும் முன்னாலேயே வருகிறது. 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அதில் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு அது கிட்டத்தட்ட 59. மகளுக்கு வரன் பார்க்கிற வயதில் நமக்கு வந்துவிடுகிறது. அதே ஆய்வு நல்ல சேதியும் சொன்னது. புகையிலை, கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன உளைச்சல், காய்கனி குறைவு, உடல் உழைப்புக் குறைவு, மது பற்றிய பழக்கம் என்று ஒன்பதை வைத்தே பத்தில் ஒன்பது மாரடைப்பைக் கணக்கில் கொண்டுவந்துவிட முடிந்தது. தலையெழுத்து என்று விடுவதற்கு அதிகம் மிச்சமில்லை.

ஒன்பதையும் சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. இந்த ஊரில் எது அதிகமோ அதைப் பேசுவோம்.

முதலில் பீடி. பீடி சுற்றும் ஊரில் வந்து பீடியைப் பற்றிப் பேசுகிறானே என்று கோபம் வேண்டாம். உங்கள் தொழிலைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்லாமல் போனால் நான் வந்தது வீண். "சிகரெட்டுதான் சார் கெடுதல், பீடி இலைதானே" என்று பலர் சொல்கிறார்கள். பீடி சீக்கிரம் அணையும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாகவும் இழுக்க வேண்டும். நான் சொன்ன அதே ஆய்வில், பீடி மட்டும் குடிப்பவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. புகையிலை மெல்பவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். வெற்றிலையோடு ஒரு துண்டு அடக்கிக்கொள்ளும் அம்மாக்களும் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"கொறச்சிட்டேன் டாக்டரே, ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்பவர்களும் உண்டு. குறைத்தது நல்லதுதான். ஆனால் இதய விஷயத்தில் அந்தக் கணக்கு வேறு மாதிரி. தினம் 20 சிகரெட் குடிப்பவருக்கு எவ்வளவு கூடுதல் ஆபத்தோ, ஒன்றே ஒன்று குடிப்பவருக்கும் அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. முழுசாக விட்டவருக்கோ ஒரே வருஷத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. இவ்வளவு வேகமாகப் பலன் தரும் மாத்திரை எதுவும் என்னிடம் இல்லை.

அடுத்தது பிரஷர். இதில்தான் எனக்கு ரொம்ப ஆற்றாமை. ஒருவருக்கு 170/100 இருக்கிறது, மாத்திரை தருகிறோம். இரண்டு மாதம் கழித்து வருகிறார், 128/80. அவருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து மறுபடி வரும்போது 180.

"இன்னாய்யா ஆச்சு?"

"அதான் நார்மலாயிடுச்சே சார், நிறுத்திட்டேன்."

நார்மல் ஆனது மாத்திரையால் ஐயா! இப்படிச் சொல்லாத வாரமே கிடையாது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே லீவு விடும்போது சிலர் மாத்திரைக்கும் லீவு விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வதந்தி, 'பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்' என்பது. கிட்னியைக் கெடுப்பது பிரஷர். மாத்திரையை விட்டுவிட்டு ஐந்து வருஷம் சுற்றியவருக்குக் கிட்னி கெட்டால் பழி மாத்திரையின் மேல் விழுகிறது. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறார்கள். காட்பாடிக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை. டப்பாவில் சேர்த்து வைக்காமல் விழுங்கினால் போதும்.

கெட்ட கொழுப்பு, அதாவது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்டிஎல் என்று இருப்பது, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 70-க்குக் கீழே இருக்க வேண்டும். லேப் சீட்டில் 100 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். அது உங்களுக்கான நார்மல் கிடையாது. எல்டிஎல் சுமார் 40 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஸ்டாடின் மாத்திரை அதைக் குறைப்பதோடு, நான் சொன்ன அந்த மெல்லிய மூடி கிழியாமல் இருக்கவும் உதவுகிறது. சுகர் இருப்பவர்கள் 40 வயதைத் தாண்டிவிட்டால், கொழுப்பு அளவு சுமாராக இருந்தால்கூட இந்த மாத்திரை வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாடு. ஆம்பூர் பிரியாணியை விடச் சொல்லி இந்த மாவட்டத்தில் உதை வாங்க நான் தயாரில்லை. என்றைக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சீரக சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்குமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தினமும் நடப்பதைத்தான் நான் பார்க்கிறேன். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் மாதம் முழுக்க வாணலியில் இருக்கிறது. அதில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகைக் கொழுப்பு, கடலை எண்ணெயைவிட இரண்டு மடங்கு. வாங்காதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? பொரிப்பதைக் குறையுங்கள், தாளிப்பதற்குக் கடலை எண்ணெய் வையுங்கள், அவ்வளவுதான். சாயங்காலம் தள்ளுவண்டியில் கறுத்துப்போன எண்ணெயில் போடும் பஜ்ஜியைப் பார்க்கும்போது மட்டும் அந்த எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று ஒரு முறை யோசியுங்கள். உப்பு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து.

உடல் உழைப்பு என்றதும் நெசவாளர்கள், "நாள் முழுக்க மிதிக்கிறோமே" என்பீர்கள். சரி. ஆனால் விசைத்தறிக்கு மாறியவர்கள் நின்றபடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். முறத்தை மடியில் வைத்து எட்டு மணி நேரம் உட்காரும் பெண்களுக்கு நடையே கிடையாது. வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தால் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரை, பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது. டெய்லரிடம் டேப் இருக்கும்.

இப்போது ஸ்டென்ட் விஷயத்துக்கு வருகிறேன். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிரைக் காப்பாற்றும். அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் மாரடைப்பு வராமல், நடந்தால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது என்று வருபவர்களின் கதை வேறு. அப்படிப்பட்ட 5,179 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. நல்ல மருந்தோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மருந்தோடு மட்டும் தொடங்கியவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வலி குறைவதில் ஸ்டென்ட்டுக்கு மதிப்பு உண்டு. இடது பக்கப் பிரதானக் குழாயிலேயே அடைப்பு இருந்தால் அது தனி விஷயம், அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மற்றபடி, எண்பது பர்சென்ட் இடத்தில் கம்பிவலை வைத்தாலும் மீதிக் குழாய் முழுக்க அதே பழைய சுவர்தான். நிலத்தை அடகு வைத்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் டீக்கடையில் பீடி பற்ற வைப்பவரைப் பார்த்தால் எனக்கே நெஞ்சு வலிக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அந்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். பல் பிடுங்கப் போனால்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

'நடந்தால் பிடிக்கிறது' என்றேனே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சோளிங்கர் பெரிய மலை, 1,305 படி. ரோப் கார் வந்துவிட்டாலும் வேண்டுதலுக்காகப் படியேறுபவர்கள் இருக்கிறார்கள். ஏறும்போது நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்துகிறது, மண்டபத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விடுகிறது, மறுபடி ஏறினால் மறுபடி வருகிறது என்றால் அது வயசான அசதி இல்லை. மறுநாளே டாக்டரைப் பாருங்கள். வலி நெஞ்சில்தான் வர வேண்டும் என்பதில்லை. தோளில், தாடையில், மேல் வயிற்றில் வரும். தறி அடித்துத் தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் கவனியுங்கள். தறியில் உட்காராத நாளிலும், வேகமாக நடந்தால் மட்டும் வருகிறதா என்று பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்து கால் மணி நேரமாகியும் விடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, குமட்டுகிறது என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் நம் வீடுகளில் நடப்பது என்ன? "கேஸ்தான்" என்று சோடா வாங்கி வருவார்கள். அப்புறம் ஓமத் தண்ணீர். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஜெலுசில். ஏப்பம் வந்ததும் திருப்தி. இரண்டு மணி நேரம் போயிற்று. குழாய் அடைத்த அரை மணி நேரத்திலேயே இதயத் தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள் காப்பாற்றக் கூடியதில் பெரும்பகுதி போய்விடும்.

பெண்கள் இன்னும் தாமதம். சில பெண்களுக்கும், சுகர் உள்ளவர்களுக்கும் பெரிய வலியே இருக்காது. மூச்சு முட்டும், சொல்லத் தெரியாத அசதி, மேல் வயிற்றில் ஒரு சங்கடம். அடுப்பில் இருப்பதை இறக்கி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். அம்மாமார்களே, சோறு குழைந்தால் குழையட்டும்.

பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப் போகாதீர்கள். 108-ஐ கூப்பிடுங்கள். வேலூர் முப்பது கிலோமீட்டருக்கு மேல். அதுவரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே இசிஜி எடுத்து முதல் சிகிச்சையைத் தொடங்கலாம். 2023-லிருந்து அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் டோஸைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். இன்னொன்று, முதல் இசிஜி நார்மல் என்றாலும் வலி விடவில்லை என்றால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள்.

பின்னால் மேஜையில் நர்ஸ் தங்கை பிரஷர் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறார். முப்பது வயதைத் தாண்டிய எல்லாரும் பார்த்துவிட்டுப் போங்கள். ஓடிப்போய்க் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். அவசரமாக இருந்தால் முதலில் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். டீ குடித்தவர்களும் பீடி குடித்தவர்களும் அரை மணி நேரம் கழித்து வாருங்கள், வரிசையில் கடைசியில் நின்றால் சரியாக இருக்கும். 140/90-க்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டாம், வேறொரு நாளும் பார்த்துத்தான் முடிவு செய்வோம். பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் என்னிடம் நேராக வாருங்கள். என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினீர்கள் என்று நான் கேட்பேன், அதற்கு மட்டும் தயாராக வாருங்கள்.