என்வியஸ்னா வெறும் பொறாமைதானா?

வணக்கம் மக்களே, இன்னிக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைதான், என்வியஸ். டிக்‌ஷனரில "பொறாமையுள்ள"ன்னு போட்டு முடிச்சிடுவாங்க, அத மட்டும் மனப்பாடம் பண்ணா எங்க போடணும்னு தெரியாம முழிப்போம்.

ஸ்கூல்ல எனக்கு பக்கத்துல ஒருத்தி உக்காருவா, இங்க் பேனாவுலதான் எழுதுவா, ஒவ்வொரு ழவும் அந்த வால் ஒரே மாதிரி வளைஞ்சு முத்து கோத்த மாதிரி இருக்கும், நான் அவ நோட்ட வாங்கி பாத்துட்டு என் நோட்ட மூடி வச்சிடுவேன். அதான் என்வியஸ். ஐ வாஸ் என்வியஸ் ஆஃப் ஹெர் ஹேண்ட்ரைட்டிங். இங்க ஆஃப்தான் வரும், நாம "அவ மேல பொறாமை"ன்னு பேசிப் பழகினதால ஆன் போட்டுடறோம், அது தப்பு.

அதே பொண்ணு திடீர்னு வேற ஒருத்திகூட லஞ்ச் சாப்பிட ஆரம்பிச்சா, அய்யோ என் பிரண்ட இவ கொண்டு போயிடுவாளோன்னு பதறுச்சு பாருங்க, அது ஜெலஸ். அடுத்தவங்ககிட்ட இருக்கறது நமக்கு இல்லையேன்னா என்வியஸ், நம்மகிட்ட இருக்கறது கைவிட்டுப் போயிடுமோன்னா ஜெலஸ். ஷேக்ஸ்பியர் ஒத்தெல்லோல பச்சைக் கண் ராட்சசன்னு சொல்றது இந்த ஜெலஸியத்தான், பொண்டாட்டி மேல சந்தேகப்படுறவன் கதை அது. இப்பல்லாம் இங்கிலீஷ்காரங்களே ரெண்டுக்கும் ஜெலஸ்னு சொல்லிடறாங்க, பரவால்ல, ஆனா "ஐ ஆம் ஜெலஸி"ன்னு மட்டும் சொல்லாதீங்க, "நான் பொறாமை"ன்னு சொல்ற மாதிரி இருக்கும்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது இந்த வார்த்தை வந்த வழிதான். லத்தீன்ல இன்விடேரேன்னா கெட்ட எண்ணத்தோட ஒருத்தர பாக்கறது, அதுக்குள்ள இருக்கற விடேரே, அதாவது பாக்கறது, அதுல இருந்துதான் நீங்க இப்ப பாத்துட்டு இருக்கற வீடியோவும் வந்துச்சு! நம்ம வீட்ல கண்ணு வைக்காத, கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மிளகா சுத்திப் போடுறாங்களே, அங்கயும் அதே கண்ணுதான். இத்தாலிக்கவி தாந்தே டிவைன் காமெடில பொறாமைக்காரங்களுக்கு என்ன தண்டனை வச்சாரு தெரியுமா, கண் இமைய இரும்புக் கம்பியால தச்சுடுவாங்க. படிச்சப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.

அப்புறம் என்வியபிள், இது நிறைய பேருக்கு குழம்புது. பொறாமைப்படுற ஆளு என்வியஸ், பொறாமைப்பட வைக்கற விஷயம் என்வியபிள், அது பாராட்டு. கிரிக்கெட் கமென்ட்ரில என்வியபிள் ரெக்கார்டும்பாங்க. இன்டர்வியூல போய் "திஸ் இஸ் அன் என்வியஸ் ஜாப்"னு சொல்லிடாதீங்க, அந்த வேலையே யார் மேலயோ பொறாமைப்படுதுன்னு ஆயிடும். என்வியபிளுக்கு நேர்மாறா அன்என்வியபிள்னா நமக்கு வேணாம்டா சாமின்னு ஒதுங்கற வேலை.

போன வாரம் அவ, அதான் அந்த இங்க் பேனாக்காரி, அவ பையன் நோட்டுக்கு லேபிள் எழுதி போட்டோ அனுப்பினா. இன்னும் அதே ழ! நான் "ஸ்டில் என்வியஸ்"னு போட்டேன், பத்து நிமிஷத்துல என் பேர அதே இங்க்ல எழுதி அனுப்பிட்டா.