முற்பணத்துக்கு முன் உறுதியைப் படியுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் வீட்டைப் பார்க்கிற பார்வை மிகக் கூர்மையானது. கிணற்றுத் தண்ணீர் உவரா நன்னீரா என்று குடித்துப் பார்ப்பார்கள். ஒழுங்கைக்குள் வாகனம் திரும்புமா என்று பார்ப்பார்கள். மாரியில் வெள்ளம் நிற்குமா என்று பக்கத்து வீட்டாரிடம் விசாரிப்பார்கள். ஆனால் அந்த வீட்டின் உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்கிப் படிப்பது, பெரும்பாலும் முற்பணம் கைமாறிய பிறகுதான் நடக்கிறது. உறுதி எழுதும் நொத்தாரிசாகத் தொழில் செய்கிற எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த வரிசைதான்.

முற்பணம் கொடுத்துவிட்டோம், வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம், இனி அவர் வேறு ஒருவருக்கு விற்க முடியாது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, எழுத்தில் முடிக்கப்பட வேண்டும். அப்படி முடிக்கப்படாத துண்டை வைத்துக்கொண்டு கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டை எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது. ஆகவே பெரிய தொகை கொடுப்பதென்றால் முதலில் உடன்படிக்கையை முறைப்படி எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் உறுதியைப் படியுங்கள்.

உறுதியில் எதைப் படிப்பது? அண்மையில் கொக்குவில் பக்கத்து வீடு ஒன்றின் உறுதியைப் பார்க்க நேர்ந்தது. காணியின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகள், அதன் பின் ஒரு நீண்ட வாக்கியம்: இதனுள் அடங்கிய வீடும், தென்மேல் மூலைக் கிணற்றில் அரைப்பங்கும், வழிவாய்க்கால் உரிமையும். வாங்க வந்தவர் கிணற்றைப் பார்த்திருந்தார், தண்ணீரையும் புகழ்ந்தார். மதிலுக்கு உட்புறமாக நிற்கிற அந்தக் கிணற்றின் மறுபாதி பின்வளவுக்காரருக்கு உரியது என்பது அவருக்குத் தெரியாது. மதிலைக் கட்டியவர் விற்பவர். பின்வளவுக்காரர் வெளிநாட்டில் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. நாளைக்கு அவரோ அவருடைய பிள்ளைகளோ வந்து வாளியோடு நின்றால், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து படித்த பிறகு விலையும் மாறியது, மதிலில் ஒரு படலையும் வந்தது.

பரப்பளவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பழைய உறுதிகளில் பரப்பு, குழி என்று எழுதியிருக்கும். மேட்டுக் காணிகளுக்கான வரகுப் பண்பாட்டுக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். எல்லைகளில் வருகிற பெயர்கள் எப்போதோ காலமானவர்களுடையவை. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து புதிய வரைபடம் எடுத்தால்தான், தாளில் உள்ள மூன்று பரப்பு தரையிலும் மூன்று பரப்பாக இருக்கிறதா என்பது தெரியும். வேலிச் சண்டைக்குப் பேர்போன ஊர் இது. அளவைக் கூலியில் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

அடுத்தது, விற்பவருக்கு முழு உரித்தும் இருக்கிறதா என்பது. தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, எடுத்துப் பார்ப்பது என்று நாம் சொல்வது இதற்காகத்தான். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுக் காலப் பதிவுகளைத் தேடுவது எங்கள் தொழில் வழக்கம். வங்கி ஈடு மீட்கப்படாமல் இருக்கலாம். வழக்கொன்று பதிவாகியிருக்கலாம். தாய் தகப்பன் மகளுக்கு நன்கொடையாக எழுதியபோது தங்கள் சீவிய உருத்தை, அதாவது வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை மகள் மட்டும் கையெழுத்திட்டு உங்களுக்கு வீட்டை முழுமையாகத் தந்துவிட முடியாது.

இங்கே யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிய அந்த வழமை, பின்னர் வந்த சட்டங்களால் திருத்தப்பட்டு இன்றும் எங்கள் காணிகளை ஆள்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதன வீட்டை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டுச் சட்டம். கணவர் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். தன் பெயரில் தந்த சொத்துக்கு ஒரு பெண் இன்னொருவரின் கையெழுத்துக்காகக் காத்து நிற்பது அநீதி என்பதே என் கருத்து. ஆனாலும் வாங்குகிறவர் அந்தக் கையெழுத்து இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

பிரிக்கப்படாத பங்கை வாங்குவதென்றால் இன்னும் கவனம் தேவை. அண்ணன் தம்பி நால்வருக்கு முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, வந்த வளவில் ஒருவர் தன் கால்பங்கை வெளியாருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டப்படி, வாங்கும் முன்னுரிமை சக பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளர்களுக்கும் உண்டு. அவர்களுக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்காமல் முடித்த விற்பனையை அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். தரகர்கள் இதை ஒரு சம்பிரதாயம் போலச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். சகோதரங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கிற குடும்பங்களில்தான் இது வழக்காகிறது.

வெளிநாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் சில சொற்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு இலங்கையில் காணி விற்பதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், கொடுத்து ஊரில் உள்ள ஒருவர் மூலம் விற்கலாம். ஆனால் கொடுத்தவர் கண்ணை மூடியதும் அந்தத் தத்துவமும் முடிந்துபோகும். தத்துவத்தை வைத்து எழுதிய உறுதியை வாங்குகிறவர்கள், கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று நேரே தொலைபேசியில் பேசி அறிந்துகொள்ளுங்கள்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1871 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டுவந்தவர் ஆட்சியுரிமை கோரலாம். போரினால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு இது பேரிடியாக இருந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தங்கள் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்காகவே 2016 இல் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது. வீட்டில் யாராவது இருந்தால், எந்த அடிப்படையில் இருக்கிறார் என்பதை விற்பவரிடம் மட்டுமல்ல, இருப்பவரிடமும் கேளுங்கள்.

முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு இது 3,99,000 ரூபாய். இதற்கு அஞ்சி உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உரித்தில் குறை கண்டு பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாள் வந்தால், நீதிமன்றம் முதலில் பார்ப்பது உறுதியில் எழுதிய தொகையைத்தான்.

கையெழுத்தானதும் வேலை முடிந்துவிடவில்லை. நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். 1927 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பதியாத முந்திய உறுதியை முறையாகப் பதிந்த பிந்திய உறுதி வென்றுவிடும். அதனால் ஓரிரு மாதம் கழித்துப் பதிவகத்துக்குப் போய் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உறுதியின் பிரதியோடு மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சென்று சோலைவரிப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். மின்சார அலுவலகத்தில் பட்டியல் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.