அழிக்கப்படாத ஓசைகள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகாமோட்டோவின் ‘12’ என்னும் இசைத்தொகுப்பு, 2023 ஜனவரி 17 அன்று, அவருடைய 71-ஆவது பிறந்தநாளில் வெளியானது. சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, மார்ச் 28 அன்று அவர் மறைந்தார். புற்றுநோய்க்கான பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவர், எதையும் இயற்றும் எண்ணமின்றி, ஒலியில் நனைந்தால் போதும் என்று சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியைத் தொட்டதில் தொடங்கிய தொகுப்பு அது. நாட்குறிப்பு எழுதுவதைப் போல அவ்வப்போது வாசித்துப் பதிவு செய்தவற்றிலிருந்து 12 துண்டுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதிவான தேதியையே பெயராக வைத்தார். அவற்றுள் சிலவற்றில் பியானோவோடு சேர்ந்து அவர் மூச்சு வாங்கும் ஓசையும் தெளிவாகக் கேட்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களின் வழக்கப்படி அது நீக்கப்பட வேண்டிய ஓசை. அவர் நீக்கவில்லை. அந்த நீக்காமையைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆம்பியன்ட், போஸ்ட்-ராக், நவீன செவ்வியல் என்று மூன்று பெயர்களால் வழங்கினாலும், இவ்வகை இசையைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு இந்த எல்லைகள் பெரிதாகத் தோன்றுவதில்லை. பெரும்பாலும் பாடல் வரி இல்லாமல், மெல்ல நகர்ந்து, ஒரே ஒலியில் நீண்ட நேரம் தங்கி நிற்கும் இசை இது. இந்த மூன்றையும் இணைக்கும் இன்னொரு பண்பு இருப்பதாக நான் கருதுகிறேன். பிற இசைகள் கறை என்று துடைத்துவிடும் ஓசைக்கு இங்கே இடமுண்டு.

பெர்லினில் வாழும் ஜெர்மானியப் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராம், இரவு நேரத்தில் அண்டை வீட்டாரின் உறக்கம் கெடக்கூடாது என்பதற்காகத் தம் பியானோவின் கம்பிகளுக்கும் சுத்தியல்களுக்கும் இடையே தடித்த ஃபெல்ட் துணியை வைத்து வாசித்தார். ஒலி மிகவும் தணிந்துவிட்டதால், அதைப் பிடிக்க ஒலிவாங்கிகளைக் கருவிக்குள்ளேயே கொண்டுபோய் வைக்க நேர்ந்தது. அவ்வளவு அருகில் வைத்தபின், சுத்தியல் எழுந்து விழும் சத்தமும், மரத்தின் முனகலும், வாசிப்பவரின் மூச்சும் இசைக்கு நிகராக உள்ளே வந்துவிட்டன. 2011-இல் வெளியான அந்தத் தொகுப்பின் பெயரே ‘ஃபெல்ட்’ என்பதுதான். அடுத்த ஆண்டு கட்டைவிரல் முறிந்து, அதில் நான்கு திருகாணிகள் பொருத்தப்பட்ட நிலையில், மீதமிருந்த ஒன்பது விரல்களால் ஒன்பது சிறு துண்டுகளை வாசித்து, ‘ஸ்க்ரூஸ்’ (திருகாணிகள்) என்ற பெயரில் ரசிகர்களுக்கு இலவசமாகவே வழங்கினார்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்லிவிட விரும்புகிறேன். ஃபெல்ட் வைத்த பியானோவின் ஒலி இன்று கணினி மென்பொருளாகவே விலைக்குக் கிடைக்கிறது. ஒலிநாடாவின் இரைச்சலையும் இசைத்தட்டின் கரகரப்பையும் ஒரு பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். உறங்கும் அண்டை வீட்டார் எவரும் இல்லாத இடத்தில் ஒலிக்கும் அந்த மென்மை என் மனத்தைத் தொடுவதில்லை. ஓசைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐஸ்லாந்தின் இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சன் 2006-இல் வெளியிட்ட தொகுப்பில் அத்தகைய காரணம் இருந்தது. அவருடைய தந்தை, 1964-இல் அந்நாட்டுக்கு வந்து சேர்ந்த ஐ.பி.எம். 1401 கணினியைப் பராமரித்த பொறியாளர். அந்த இயந்திரம் வேலை செய்யும்போது வெளிப்படும் மின்காந்த அலைகளை அருகில் வைத்த வானொலிப் பெட்டி ஒலியாகப் பிடிக்கும் என்று கண்டறிந்து, கணினியின் நினைவகத்தை இயக்கியே அவரும் உடன் பணிபுரிந்தோரும் மெட்டுகளை வரவழைத்து, ஒலிநாடாவில் பதிந்தார்கள். 1971-இல் கணினிக்கு ஓய்வு கொடுத்தபோது அதற்கு ஒரு வழியனுப்பு நிகழ்ச்சியும் நடத்தினார்கள். அந்த ஒலிநாடாக்களை மகன் பல ஆண்டுகள் கழித்து எடுத்து, நரம்பிசைக் குழுவின் நடுவே அப்படியே ஒலிக்கவிட்டார். பயனற்றுப்போன ஓர் இயந்திரத்தின் மெல்லிய குரலைச் சுற்றி அத்தனை வயலின்களும் எழும்போது, இரங்கல் கூட்டத்தில் நிற்பதைப் போன்ற உணர்வு எனக்கு ஒவ்வொரு முறையும் ஏற்படுகிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கியின் ‘டிஸ்இன்டக்ரேஷன் லூப்ஸ்’ (சிதையும் வளையங்கள்) இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1980-களின் தொடக்கத்தில் தாம் பதிந்த ஒலிநாடா வளையங்களை 2001-இல் அவர் டிஜிட்டலுக்கு மாற்றத் தொடங்கினார். நாடாவின் மேலிருந்த இரும்பு ஆக்சைடு பூச்சு, கருவியின் முனையைக் கடக்கும்போதெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தது. அவர் நிறுத்தாமல் ஓடவிட்டார். சில நொடிகளே நீளும் ஒரு மெட்டு சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துகளை இழந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தேய்ந்தபடி மௌனத்தை அடைகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட நாளில், புரூக்ளினில் தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நியூயார்க்கின் புகையைப் படமெடுத்த அவர், அந்தக் காட்சிகளையே தொகுப்புகளின் அட்டைகளில் இட்டு, இறந்தோருக்கு அவற்றைக் காணிக்கையாக்கினார். அந்த நாளின் துயரம் இந்த இசையோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆயினும் அதை அறியாமல் கேட்பவருக்கும், ஒரு பொருள் தன் கண்ணெதிரே மறைவதைக் காணும் அனுபவம் குறைவின்றிக் கிடைக்கும் என்றே சொல்வேன்.

போஸ்ட்-ராக் இசையில் கனடாவின் மான்ட்ரியால் நகரத்தைச் சேர்ந்த ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’ குழு இதை வேறு வகையில் செய்தது. 1997-இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டில் கடைசிப் பள்ளம் வட்டமாக மூடியிருப்பதால், ஊசியைக் கையால் தூக்கும்வரை ஒலி நிற்பதில்லை. 2024 அக்டோபரில் வெளியிட்ட தொகுப்புக்குப் பெயரே வைக்க மறுத்து, ‘2024 பிப்ரவரி 13 நிலவரப்படி தலைப்பில்லை, 28,340 பேர் மரணம்’ என்று மட்டும் குறித்தார்கள். அது அந்நாள்வரை காசாவில் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை. பாடல் வரிகள் இல்லாத இசைக்குத் தலைப்பு ஒன்றுதான் பேச்சு. அந்தப் பேச்சை ஒரு தேதியும் ஓர் எண்ணும் எடுத்துக்கொண்டன.

தேதிகள் என்றதும் சகாமோட்டோவிடம் மீண்டும் வருகிறேன். 2011 சுனாமியில் மூழ்கிய பள்ளிப் பியானோ ஒன்றைத் தேடிச் சென்று, சுருதி குலைந்த அதன் கம்பிகளின் ஒலியை 2017-இல் வெளியான ‘அசிங்க்’ தொகுப்பில் சேர்த்தவர் அவர். மனிதர்கள் வற்புறுத்தி நிறுத்திய சுருதியை இயற்கை தன் போக்குக்கு மீட்டுக்கொண்டது என்று அவருக்குத் தோன்றியது. தம் உடலின் தளர்ச்சியையும் அவர் அதே காதால்தான் கேட்டிருக்க வேண்டும். ‘12’-இன் முதல் துண்டு 2021 மார்ச் 10, அடுத்தது நவம்பர் 30. இடையில் எட்டு மாதங்களுக்கு மேல் எதுவுமில்லை. அந்த இடைவெளியையும் நான் தொகுப்பின் பகுதியாகவே கேட்கிறேன். அதன்பின் தேதிகள் நெருங்கி வருகின்றன. கடைசித் துண்டில் மட்டும் வரிசை மாறுகிறது. ஏப்ரல் 4-க்குப் பிறகு, ஒரு மாதம் பின்னால் சென்று, 2022 மார்ச் 4 அன்று பதிந்ததை இறுதியில் வைத்திருக்கிறார். அதில் பியானோ இல்லை. சிறு மணிகள் ஒன்றோடொன்று உரசுவதைப் போன்ற மெல்லிய ஒலிகள் சிறிது நேரம் கேட்டு, ஓய்ந்துவிடுகின்றன.